அப்பத்தாவின் மிளகாய்த்தூள்

நுழையும்முன்

எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடமும் பேரறிவு உண்டு. அது அவர்தம் கையிலும் நாவிலும் மூக்கிலும் தங்கியிருக்கிறது. அதனைக் கேட்டு எழுதி வைப்பவர் யார்? பெங்களூரின் ஓர் அடுக்களையில் நிகழ்ந்ததைப் படித்து அறிவோம்.

பெங்களூர் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் உள்ள நிலையங்களுள் ஒன்று ஸ்ரீராம்புர. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இப்பகுதியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. பெயர்ப்பலகையில் ‘ஸ்ரீராம்புர’ என்று இருப்பினும், அங்கு இறங்கும் தமிழர் நாவில் அவ்வூர் ‘ஸ்ரீராம்புரம்’ என்றே வழங்கும். தண்டவாளம் தூண்களின்மேல் உயர்ந்து செல்வதால், நெருங்கிக் கட்டப்பட்ட வீடுகளின் மொட்டைமாடிகள் வண்டியிலிருந்து நன்கு தெரியும். தண்ணீர்த் தொட்டிகளும் துணிக்கொடிகளும் நிறைந்த அம்மாடிகளுள் ஒன்றில், பங்குனி மாதந்தோறும் ஒரு பழைய வெள்ளை வேட்டி விரிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் கருஞ்சிவப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக வற்றல் காயும்.

அவ்வீட்டின் மூத்தவர் இராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பேத்தி அவரை ‘அப்பத்தா’ என்று அழைப்பாள். தந்தையின் தாயை அவ்வாறு அழைப்பது அப்பகுதி வழக்கம். பின்னி, மினர்வா முதலிய துணியாலைகள் இயங்கிவந்த காலத்தில், வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த தமிழர் பலர். ஸ்ரீராம்புரமும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் அவர்களுக்கு இருப்பிடமாயின. அப்பத்தாவின் கணவரும் மழை பொய்த்த ஓர் ஆண்டில் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலைகள் மூடப்பட்டன. அவரும் மறைந்தார். ஊரில் இருந்த சிறு நிலமும் கைமாறிற்று. ஆயினும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆண்டுதோறும் பங்குனியில் அப்பத்தாவின் தம்பி மகன் மூன்று கிலோ முண்டு வற்றலைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் அனுப்பிவிடுவார். அதனைக் காயவைத்து, மல்லி முதலியவற்றோடு சேர்த்து அரைத்து, ஓராண்டுக்கு வேண்டிய குழம்புத்தூளை அப்பத்தா ஆக்கி வைப்பார்.

ஓர் ஆண்டு சாக்கு வரவில்லை. பூவெடுக்கும் பருவத்தில் பெய்த பெருமழையால் செடிகள் அழுகிவிட்டன என்று தொலைபேசியில் செய்தி வந்தது. டப்பாவின் அடியில் இருந்த பழைய தூளும் தீர்ந்தது. பேத்தியின் தாய் கடைக்குச் சென்று, சிவந்து நீண்ட வற்றலை வாங்கிவந்து தூளாக்கிக் குழம்பு வைத்தார். குழம்பு கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தோடு விளங்கிற்று. அப்பத்தா இரண்டு கவளம் உண்டார். பின்பு மோரை ஊற்றிக்கொண்டார்.

“என்ன அத்தை, குழம்பு பிடிக்கவில்லையா?” என்று மருமகள் கேட்டார்.

“நன்றாகத்தான் சிவந்திருக்கிறது. உறைப்பைத்தான் காணோம்” என்றார் அப்பத்தா.

மருமகளின் முகம் வாடிற்று. வேலைக்குச் செல்லுமுன் விடியற்காலையில் எழுந்து சமைத்தவர் அவர். அவர் ஒன்றும் பேசாமல் பாத்திரங்களை எடுத்துச் சென்றார். ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மிளகாய்க்காக இருவர் மனமும் வருந்துவதேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

அன்று மாலை, பழைய டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த முண்டு வற்றல் ஒன்றையும் கடையில் வாங்கிய வற்றல் ஒன்றையும் அவள் அருகருகே வைத்துப் பார்த்தாள். கடை வற்றல் விரல்போல் நீண்டு, மேனியெங்கும் சுருக்கம் விழுந்திருந்தது. முண்டு வற்றலோ சிறிய இலந்தைப்பழம்போல் உருண்டு, தோல் தடித்துப் பளபளத்தது. காதருகே வைத்துக் குலுக்கியபோது உள்ளே விதைகள் கலகலத்தன.

கடையில் வாங்கியது பியாடகி மிளகாய். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள பியாடகி என்னும் ஊரின் பெயரையே அது தாங்கியுள்ளது. அவ்வூரின் மிளகாய்ச் சந்தை இந்தியாவின் பெரிய மிளகாய்ச் சந்தைகளுள் ஒன்று. காரம் குறைவு, நிறம் மிகுதி. அதுவே பியாடகியின் சிறப்பு. கர்நாடகத்து பிசிபேளே பாத்திற்கும் சாம்பாருக்கும் செந்நிறம் தருவது அதுவே. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நிறச்சாறு உணவுப் பொருள்களில் மட்டுமன்றி, உதட்டுச்சாயத்திலும் நகச்சாயத்திலும் கூடச் சேர்க்கப்படுகிறது.

முண்டு மிளகாயோ இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் விளைவது. உருண்டிருப்பதால் அதனைக் குண்டு மிளகாய் என்றும் அழைப்பர். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, கடலாடி முதலிய வட்டாரங்களில் உழவர்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக அதனைப் பயிரிடுகின்றனர். தை மாதம் கழிந்தபின் காய்கள் சிவந்து பழுக்கும். செடியில் பழுத்துச் சிவந்ததை அப்பகுதி மக்கள் ‘மிளகாய்ப் பழம்’ என்றே சொல்வர். பழங்களை ஒரே நாளில் பறித்து முடிப்பதில்லை. பழுக்கப் பழுக்கப் பலமுறை எடுப்பர். பறித்தவற்றைக் களத்தில் பரப்பி, வெயிலில் பல நாள் உலர்த்துவர். மழைத்துளி பட்டால் வற்றல் வெளுத்துவிடும், பூசணமும் பிடிக்கும். வெளுத்த வற்றலுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

குறிப்பிட்ட நிலத்துக்கே உரிய தன்மை கொண்ட பொருள்களின் பெயரைக் காப்பதற்கு இந்தியாவில் 1999ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி வழங்கப்படுவது புவிசார் குறியீடு. பியாடகி மிளகாய் அக்குறியீட்டை 2011ஆம் ஆண்டிலும், இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டிலும் பெற்றன. புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில் உள்ளது. ஆதலால் கன்னட நாட்டு மிளகாயின் பெயரும் தமிழ்நாட்டு மிளகாயின் பெயரும் ஒரே பதிவேட்டில் இடம்பெற்றிருக்கின்றன.

காரத்திற்குக் காரணமாகிய வேதிப்பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். விதையில்தான் காரம் உள்ளது என்று பலர் எண்ணுவர். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் அது மிகுதியாக உள்ளது. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். ஆகவேதான் காய்ந்த எண்ணெயில் வற்றலைத் தாளிக்கும்போது அதன் உறைப்பு எண்ணெய்க்குள் இறங்கிக் குழம்பு முழுதும் பரவுகிறது. நாக்கு எரியும்போது தண்ணீரைவிடத் தயிரும் மோரும் விரைவாக ஆற்றும். மிளகாயின் காரத்தை அளக்கும் முறையொன்றை அமெரிக்க மருந்தியல் அறிஞர் வில்பர் ஸ்கோவில் 1912ஆம் ஆண்டு உருவாக்கினார். அப்பத்தா ஸ்கோவிலை அறியார். வற்றலை வாணலியில் இட்டதும் எழும் நெடியை மூக்கால் அளந்தே, எத்தனை மிளகாய் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவார்.

சில நாள் கழித்து ஊரிலிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. அழிந்த வயலில் தப்பிய சில செடிகளிலிருந்து கிடைத்த வற்றலைத் தம்பி மகன் அனுப்பியிருந்தார். அது முக்கால் கிலோவே இருந்தது. அப்பத்தா பொட்டலத்தைப் பிரித்து ஒருபிடி வற்றலை அள்ளி முகர்ந்தார். பின்பு பேத்தியிடம் தம் இளமைக்காலத்தை எடுத்துரைத்தார். பள்ளிக்குச் செல்லும் வயதில் அவர் மிளகாய்ப் பழம் எடுக்கச் சென்றவர். மாலையில் கைகள் தீப்பட்டதுபோல் காந்தும். தாய் எண்ணெய் தேய்த்துவிட்டு, மோரில் கையை அமிழ்த்தி வைக்கச் சொல்வாராம். “எழுத்துப் பிடிக்க வேண்டிய கை, தாயி. மிளகாய் பிடித்தே காய்ந்துவிட்டது” என்று சொல்லிச் சிரித்தார்.

பேத்தி சிரிக்கவில்லை. மத்தியப் பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழ் பயிலும் அவளிடம், வீட்டு உணவு ஒன்றைப் பற்றி எழுதிவருமாறு ஆசிரியர் கூறியிருந்தார். “அப்பத்தா, உங்கள் தூளுக்கு என்னென்ன போடுவீர்கள்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று நோட்டுடன் அமர்ந்தாள்.

அப்போதுதான் ஓர் உண்மை அவளுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் அவ்வளவுகளை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. தந்தையும் தாயும் பெங்களூரில் கன்னட வழியில் பயின்றவர்கள். தமிழைப் பேசுவர், எழுதமாட்டார்கள். மூன்று தலைமுறை வாழும் அவ்வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே.

எழுதுவதும் எளிதாக இல்லை. ‘வத்தல்’ என்று எழுதினாள். பாடநூலைப் புரட்டிப் பார்த்து ‘வற்றல்’ என்று திருத்தினாள். ‘உறைப்பு’ என்பது அவள் எழுதியறியாத சொல். தெருவில் அவள் கேட்டதெல்லாம் ‘காரம்’ என்னும் சொல்லே. அப்பத்தா சொன்ன ‘நெடி’ என்பதற்கு முதலில் ஆங்கிலத்தில் ‘ஸ்மெல்’ என்று எழுதினாள். மல்லிகைக்கும் அதே சொல்தானே வரும் என்று தோன்றவே, அதனை அடித்துவிட்டு ‘நெடி’ என்றே எழுதினாள். முகர்ந்தால் தும்மலும் இருமலும் வரவழைப்பது நெடி. அந்நெடியால் தொண்டை அடையும் துன்பம் கமறல். மிளகாய் பட்ட தோலில் தோன்றும் எரிச்சல் காந்தல். ஒரே மிளகாய்க்கு அப்பத்தாவிடம் இத்தனை சொற்கள் இருந்தன.

அளவுகளைப் பெறுவது அதனினும் அரிதாயிற்று. “மல்லி எவ்வளவு?” என்றால், “வற்றலுக்கு ஏற்றபடி” என்பார். “வெந்தயம்?” என்றால், “கண்ணால் பார்த்தால் தெரியாதா?” என்பார். தாய் ஒரு வழி கண்டார். கடைத் தராசுபோன்ற சிறிய சமையல் தராசை எடுத்துவந்து, அப்பத்தா கையால் அள்ளி வைத்த ஒவ்வொன்றையும் நிறுத்து எண்ணைச் சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டாள். மாமியார் அள்ள, மருமகள் நிறுக்க, பேத்தி எழுத, அந்த ஞாயிறு முற்பகல் கழிந்தது.

வற்றல் போதாது என்பதும் அப்போது தெளிவாயிற்று. “அத்தை, கால் கிலோ பியாடகியைச் சேர்த்தால் ஒரு கிலோ ஆகுமே?” என்று மருமகள் தயங்கிக் கேட்டார். அப்பத்தா நெடுநேரம் விடை கூறவில்லை. “மூன்று பங்கு நம்முடையது இருக்கிறது அல்லவா? சேர்” என்றார் இறுதியில்.

வற்றல் மாடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டாம் நாள் பிற்பகலில் பெங்களூருக்கே உரிய கோடைமழை சொல்லாமல் வந்தது. வீட்டில் அப்பத்தா மட்டுமே இருந்தார். முழங்கால் வலியால் அவரால் படியேற இயலாது. எதிர் வீட்டுக் கன்னட மூதாட்டி மாடிக்கு ஓடி, வேட்டியின் நான்கு முனைகளையும் சேர்த்து வற்றலை வாரிக்கொண்டு வந்தார். அவர் தும்மிக்கொண்டே இறங்கிவந்ததைக் கண்டு இரு மூதாட்டியரும் சிரித்தனர். வற்றல் தப்பியது.

மாலையில் பள்ளிவிட்டு வந்த பேத்தி, “அஜ்ஜி, இதற்குக் கன்னடத்தில் என்ன பெயர்?” என்று கேட்டாள்.

“மெணசினகாயி, புட்டி” என்றார் அவர்.

கன்னடத்தில் மெணசு என்றால் மிளகு. மெணசினகாயி என்றால் மிளகின் காய். தமிழிலோ மிளகு என்பதனோடு காய் சேர்ந்து மிளகாய் ஆயிற்று. இரு மொழியாரும் ஒன்றுபோலவே பெயரிட்டதற்குக் காரணம் உண்டு. மிளகாய் இந்நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் அங்குச் சென்ற பின்னரே பிற நாட்டவர் அதனை அறிந்தனர். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். அதன்பின் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவிற்கு வந்தது. அதற்கு முன்பு நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே பெரிதும் நம்பினர். பழந்தமிழில் மிளகுக்குக் ‘கறி’ என்னும் பெயரும் உண்டு. புதிதாக வந்த காரக்காய்க்கு அவரவர் தமக்குப் பழகிய மிளகின் பெயரையே சூட்டிக்கொண்டனர்.

பேத்தி இச்செய்தியைச் சொன்னபோது அப்பத்தா நம்ப மறுத்தார். “எங்கள் ஊர் மிளகாய் கப்பலேறி வந்ததா?” என்று வியந்தார். சிறிது நேரம் கழித்து, “யார் கொண்டுவந்தால் என்ன, தாயி? களை பறித்ததும் காயவைத்ததும் நாங்கள்தானே. அது எங்கள் ஊர் மிளகாய்தான்” என்றார். அதற்கு மறுமொழி கூற யாராலும் இயலவில்லை.

மூன்றாம் நாள் வெயில் நன்கு எறித்தது. வற்றலைக் குலுக்கிப் பார்த்து, விதைகள் ஒலிப்பதைக் கேட்டு, “பதம் வந்துவிட்டது” என்றார் அப்பத்தா. அரைக்கக் கொடுக்குமுன் பேத்தி எழுதியதைப் படிக்கச் சொன்னார். அவள் எழுத்துக்கூட்டாமல் மெதுவாகப் படித்தாள்.

“முண்டு வற்றல் முக்கால் கிலோ. பியாடகி வற்றல் கால் கிலோ. மல்லி இரண்டு கிலோ. சீரகம் 200 கிராம். துவரம்பருப்பு 200 கிராம். மிளகு 100 கிராம். விரலி மஞ்சள் 100 கிராம். வெந்தயம் 50 கிராம். வற்றலைக் காம்பு கிள்ளி வெயிலில் காயவைக்க வேண்டும். மற்றவற்றைத் தனித்தனியே இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் தூள் கசக்கும். எல்லாம் ஆறிய பின்பே அரைக்க வேண்டும். அரைத்து வந்ததும் சூடு தணியத் தாளில் பரப்பி, பின்பே டப்பாவில் அடைக்க வேண்டும். ஈரக்கை படக்கூடாது.”

அப்பத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் அறிந்த ஒன்றைப் பிறர் படிக்க அவர் கேட்பது அதுவே முதன்முறை. முடிந்ததும் கண் திறந்து, “கறிவேப்பிலையை விட்டுவிட்டாய்” என்றார்.

“நீங்கள் சொல்லவே இல்லையே, அப்பத்தா!”

“அதைக்கூடவா சொல்ல வேண்டும்? சரி, எழுது. உருவிய இலை இரண்டு கைப்பிடி. நிழலில் காயவைத்தது.”

பேத்தி எழுதினாள். யாரும் சொல்லத் தேவையில்லை என்று எண்ணியதே முதலில் மறந்துபோகும் என்பதை அவள் அன்று உணர்ந்தாள்.

தெருமுனை மாவு மில்லில் அரைத்து வந்த தூளை அடுக்களைத் தரையில் பரப்பினர். வீடு முழுதும் நெடி நிறைந்தது. அன்று இரவு பூண்டுக் குழம்பு. நல்லெண்ணெய் காய்ந்ததும் இரண்டு முண்டு வற்றலை முழுதாக இட்டுத் தாளித்தார் தாய். அவை எண்ணெயில் உப்பிக் கருஞ்சிவப்பாயின. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கின. புளிக்கரைசலில் கலந்த தூள் கொதித்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது.

அப்பத்தா ஒரு கவளம் உண்டார். அனைவரும் அவர் முகத்தையே நோக்கினர்.

“உறைப்பு வந்துவிட்டது. நிறம்தான் கொஞ்சம் கூடுதல்” என்றார். பின்பு மருமகளை நோக்கி, “இன்னும் ஒரு கரண்டி ஊற்று, அம்மா” என்று தட்டை நீட்டினார்.

அத்தூள் நான்கு மாதத்திற்கே போதும். அடுத்த பங்குனியில் எவ்வளவு வற்றல் வரும் என்பது ஊரில் பெய்யும் மழையைப் பொறுத்தது. பேத்தி தான் எழுதிய தாளை நெகிழி உறையில் இட்டு அடுக்களைக் கதவின் உட்புறம் ஒட்டினாள். மேலே அந்த ஆண்டையும் மாதத்தையும் குறித்தாள். கீழே, அடுத்த ஆண்டு அளவு மாறினால் எழுதுவதற்கென நான்கு வரிகளை வெற்றாக விட்டுவைத்தாள்.

பயிற்சி

1. அப்பத்தா இரண்டு கவளம் உண்டபின் மோர் ஊற்றிக்கொண்டது ஏன்? அப்போது மருமகளின் மனநிலை எவ்வாறு இருந்தது?

2. முண்டு மிளகாய்க்கும் பியாடகி மிளகாய்க்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக எழுதுக.

3. நெடி, கமறல், காந்தல், உறைப்பு, பதம் ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

4. ‘வத்தல்’ என்பதன் எழுத்து வழக்கு ‘வற்றல்’. இவ்வாறே காத்து, நேத்து, கிணத்தடி, சோத்துப்பானை ஆகியவற்றின் எழுத்து வழக்கை எழுதுக.

5. மிளகாய் வேற்று நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டபோது அப்பத்தா கூறிய விடை பொருத்தமானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

6. உம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அவர் நன்கறிந்த உணவு ஒன்றின் செய்முறையைக் கேட்டு, அவர் வழங்கும் சொற்களை மாற்றாமல் எழுதுக. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுக. விடுபட்டது எது என்று அவர் கூறுவதையும் சேர்த்து எழுதுக.